கோயம்புத்தூர் பம்புசெட்டுகளும் மின்சிக்கனத் தரநிலைகளும்

வீட்டுக்கு வாங்கும் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் நட்சத்திரங்கள் ஒட்டப்பட்டிருப்பதை இன்று எல்லோரும் அறிவர். ஒரு கருவி எவ்வளவு மின்சாரத்தில் தன் வேலையைச் செய்கிறது என்பதை அளந்து, தரவரிசையிட்டு, ஒரு வரம்புக்குக் கீழானவற்றை விற்கக் கூடாது என்று அரசு விதிப்பதே மின்சிக்கனத் தரநிலை. இந்தியாவில் இது குளிர்சாதனப் பெட்டியில் தொடங்கிக் குளிரூட்டி, மின்விசிறி என்று விரிந்தது. கொங்கு நாட்டின் முதன்மையான மின்கருவி குளிர்சாதனப் பெட்டி அன்று. கிணற்று மேட்டிலும் ஆழ்குழாய்க்குள்ளும் ஓடும் பம்புசெட். அதற்கும் நட்சத்திரக் குறியீடு உண்டு. ஆனால் குளிர்சாதனப் பெட்டிக்குக் கட்டாயமான விதி, பம்புசெட்டுக்கு விருப்பத்தின்பேரில் ஏற்பதாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. ஒரே சட்டத்தின் கீழ் வந்த இரு கருவிகளின் வரலாறு இப்படிப் பிரிந்ததற்கான காரணம், கோயம்புத்தூரின் தொழில் வரலாற்றிலும் கொங்கு உழவர்களின் மின்கட்டணப் போராட்டங்களிலும் இருக்கிறது.

கவலையிலிருந்து மின்பம்புக்கு

கொங்கு நாடு மழைமறைவுப் பகுதி. காவிரி, பவானி, நொய்யல், அமராவதி ஆறுகளின் கால்வாய்ப் பாசனம் எட்டாத பெரும்பகுதி நிலம் கிணற்றை நம்பியே வாழ்ந்தது. பாறையைக் குடைந்து வெட்டிய அகன்ற கிணறுகளிலிருந்து, இரு மாடுகள் சரிவான பாதையில் முன்னும் பின்னும் நடந்து தோல் பறியால் நீர் இறைக்கும் கவலை முறை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை பரவலாக இருந்தது. சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சினைக் கொண்டு பம்பு ஓட்டும் சோதனைகளை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் முன்னெடுத்தார். எனினும் எஞ்சின் வசதியானவர்களுக்கே கட்டுப்படியானது.

நிலைமையை மாற்றியது நீலகிரியிலிருந்து வந்த நீர்மின்சாரம். பைக்காரா நீர்மின் திட்டம் 1932 இல் உற்பத்தியைத் தொடங்கியது. 1937 இல் மேட்டூர் மின்நிலையமும் சேர்ந்தது. மலையடிவாரத்தில் இருந்த கோயம்புத்தூருக்கு மின்சாரம் முதலில் கிடைத்தது, நூற்பாலைகள் பெருகின. ஆலை இயந்திரங்களைப் பழுதுபார்க்கத் தோன்றிய பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் அடுத்ததாகக் கிணற்றுக்கான பம்பையும் அதை ஓட்டும் மோட்டாரையும் செய்யத் தொடங்கின. இந்தியாவில் உள்நாட்டிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டார் 1937 இல் பீளமேட்டில் உருவானது. ஜி.டி. நாயுடு, டி. பாலசுந்தரம் நாயுடு ஆகிய இருவரின் பெயர்களும் அதனோடு இணைத்துச் சொல்லப்படுகின்றன. பி.எஸ்.ஜி. அறநிலையம் 1926 இல் தொடங்கிய தொழிற்பயிற்சி நிலையம் திறமையான கைகளைத் தந்தது. 1950களிலும் 1960களிலும் டெக்ஸ்மோ, சி.ஆர்.ஐ. போன்ற நிறுவனங்கள் தோன்றின. அவற்றைச் சுற்றி இம்பெல்லர் வார்ப்பவர், ஸ்டாம்பிங் அடிப்பவர், காயில் கட்டுபவர், தண்டு கடைபவர் என்று நூற்றுக்கணக்கான சிறு பட்டறைகள் அமைந்தன. நாட்டின் பம்பு உற்பத்தியில் ஏறத்தாழ பாதி கோயம்புத்தூரிலிருந்து வருவதாகத் தொழில்துறையினர் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர்.

1957 இல் அமைக்கப்பட்ட சென்னை மாநில மின்வாரியம் ஊர்களுக்கு மின்கம்பி இழுப்பதில் முனைப்புக் காட்டியது. பம்புசெட்டுகளுக்கு மின்இணைப்பு வழங்குவதில் சென்னை மாநிலம் நாட்டிலேயே முன்னணியில் நின்றது. மின்சாரம், பம்பு, அதைப் பழுதுபார்க்கும் ஆள் ஆகிய மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் கொங்கு நாட்டில் கவலை விரைவாக மறைந்தது.

பம்பின் திறன் என்றால் என்ன

ஆயிரம் லிட்டர் நீரை 120 அடி உயரத்துக்குத் தூக்க, இழப்பே இல்லாத கருவிக்கு ஏறத்தாழ 0.1 யூனிட் மின்சாரம் போதும். ஒரு ஏக்கரில் ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிற்க ஒரு லட்சம் லிட்டருக்குச் சற்று மேல் தேவை. அந்த ஆழத்திலிருந்து அதை இறைக்க, கணக்குப்படி 10 யூனிட் ஆகும். உண்மையான பம்புசெட்டில் மோட்டார் சூடாவதிலும், இம்பெல்லரில் நீர் சுழல்வதிலும், குழாயின் உராய்விலும் மின்சாரம் இழக்கப்படுகிறது. மொத்தத் திறன் 50 விழுக்காடு என்றால் அதே நீருக்கு 20 யூனிட். 25 விழுக்காடு என்றால் 40 யூனிட். வயலுக்கு வரும் நீரில் எந்த வேறுபாடும் இராது. கூடுதலாகச் செலவான 20 யூனிட் கண்ணுக்குத் தெரியாது.

இந்த இழப்பைக் கட்டுப்படுத்தும் முதல் முயற்சி, பின்னாளில் இந்தியத் தர நிர்ணய அமைவனமாக மாறிய இந்தியத் தரநிலை நிறுவனத்தின் வழியே நடந்தது. தெளிந்த குளிர்நீருக்கான கிடைமட்ட மையவிலக்குப் பம்புகளுக்கு ஐ.எஸ். 6595, மோட்டாரும் பம்பும் ஒன்றாயமைந்த மோனோசெட்டுகளுக்கு ஐ.எஸ். 9079, நீர்மூழ்கிப் பம்புசெட்டுகளுக்கு ஐ.எஸ். 8034, திறந்த கிணற்று நீர்மூழ்கிகளுக்கு ஐ.எஸ். 14220 என்று தனித்தனித் தரநிலைகள் வந்தன. குறிப்பிட்ட உயரத்துக்குக் குறிப்பிட்ட அளவு நீரைத் தரும்போது இருக்க வேண்டிய குறைந்தபட்சத் திறனை இவை வரையறுத்தன. இவற்றுக்கு உட்பட்ட பம்பு ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றது.

முத்திரை பெற்ற பம்பும் கிணற்றுக்குள் இறங்கியதும் வேறாக நடந்துகொண்டது. மையவிலக்குப் பம்பு நீரை உறிஞ்சி மேலேற்றுவது காற்றழுத்தத்தின் உதவியால்தான். கணக்கில் 34 அடி என்றாலும் நடைமுறையில் 20 முதல் 25 அடிக்கு மேல் உறிஞ்சாது. நீர்மட்டம் இறங்க இறங்கப் பம்பையும் கிணற்றுக்குள் மேடை அமைத்து இறக்க வேண்டியிருந்தது. உறிஞ்சு குழாயின் அடியில் பொருத்தும் ஃபுட் வால்வு குறுகலாக இருந்தாலோ, குழாய் சிறிய விட்டத்தில் இருந்தாலோ, பம்பின் திறனில் ஒரு பகுதி அங்கேயே தொலைந்தது. இதனால் பம்பை மட்டும் சோதித்தால் போதாது, குழாயும் வால்வும் சேர்ந்த முழு அமைப்பையும் பார்க்க வேண்டும் என்ற கருத்து உருவானது. வேளாண் நீரிறைப்பு அமைப்புகளுக்கான ஐ.எஸ். 10804 அந்தக் கருத்தில் பிறந்தது.

ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தபின் கொங்கு நாட்டில் ஏர் கம்ப்ரசர் முறையும் பரவியது. காற்றை அழுத்தி ஆழ்குழாய்க்குள் செலுத்தி, குமிழிகளோடு நீரை மேலே கொண்டுவரும் முறை இது. இயந்திரம் தரைமேல் இருப்பதால் பழுதுபார்ப்பது எளிது. நீர் குறைவாக ஊறும் துளையிலும் ஓடும். குழாய்க்குள் மோட்டார் சிக்கிக்கொள்ளும் அச்சமில்லை. மின்சாரக் கணக்கில் இது மிகவும் வீணான முறைகளுள் ஒன்று. ஆனாலும் உழவருக்கு அது பகுத்தறிவான தேர்வாக இருந்தது. காரணம், மின்சாரக் கணக்கு அவரிடம் வரவில்லை.

பைசாவிலிருந்து இலவசத்துக்கு

வேளாண் மின்கட்டணம் கொங்கு நாட்டின் அரசியலில் உயிர்ப்பலி கண்ட கேள்வி. தொடக்கத்தில் பம்புசெட்டுகளுக்கு மீட்டர் இருந்தது. யூனிட்டுக்குப் பைசாக் கணக்கில் கட்டணம் கட்டப்பட்டது. 1970 இல் கட்டணம் உயர்த்தப்பட்டபோது கோயம்புத்தூர் மாவட்ட உழவர்கள் எதிர்த்து எழுந்தனர். அவ்வாண்டு ஜூன் மாதம் பெருமாநல்லூரில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மூன்று விவசாயிகள் உயிரிழந்தனர். 1972 இல் போராட்டம் மீண்டும் வெடித்தது. ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிகள் கோயம்புத்தூர் நகரச் சாலைகளை அடைத்து நின்றன. இப்போராட்டங்களின் தலைவராக வையம்பாளையம் சி. நாராயணசாமி நாயுடு உருவெடுத்தார். அவர் தலைமையிலான தமிழக விவசாயிகள் சங்கம் பிற மாநில உழவர் இயக்கங்களுக்கும் முன்மாதிரியானது.

உழவர்களின் வாதத்தில் நியாயம் இருந்தது. கால்வாய்ப் பாசன உழவருக்கு அணை நீர் சிறு தீர்வையில் கிடைக்க, கிணற்றுப் பாசன உழவர் கிணறு வெட்டவும், பம்பு வாங்கவும், நீரை மேலேற்றவும் தம் கைப்பணத்தையே செலவிட்டார். விளைபொருளின் விலையோ அவர் கையில் இல்லை. அரசுகள் படிப்படியாக இறங்கிவந்தன. 1984 இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சிறு விவசாயிகளுக்கு மின்சாரம் இலவசமாக்கப்பட்டது. மற்றவர்களுக்கு மோட்டாரின் குதிரைத்திறனைக் கொண்டு ஆண்டுக் கட்டணம் வந்தது. 1990 இல் மு. கருணாநிதி ஆட்சியில் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் என்றானது. 2003 இல் ஜெயலலிதா ஆட்சி இலவசத்தை விலக்கிக் குதிரைத்திறன் கட்டணத்தை மீண்டும் கொண்டுவந்தது; 2004 மக்களவைத் தேர்தல் தோல்விக்குப் பின் அந்த முடிவு கைவிடப்பட்டது. இன்று இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட வேளாண் இணைப்புகளுக்கான தொகையை மாநில அரசு மானியமாக மின்வாரியத்துக்குத் தருகிறது.

உழவரின் தோளிலிருந்து ஒரு சுமையை இறக்கிய இந்த மாற்றம், மீட்டரையும் மறையச் செய்தது. குதிரைத்திறன் அடிப்படையில் கட்டணம் இருந்த காலத்தில் மோட்டாரின் பெயர்ப்பலகையில் 5 குதிரைத்திறன் என்று பொறித்து, அதைவிடக் கூடுதலாக மின்சாரம் இழுக்கும் மோட்டாரை விற்பது நாட்டின் பல பகுதிகளில் வழக்கமானது. பொறித்த எண் மீது நம்பிக்கை இல்லாத சந்தையில் திறனைக் காட்டும் குறியீடு எடுபடாது. மீட்டரில்லாததால், எந்த ஊரில் எவ்வளவு மின்சாரம் நீரிறைப்புக்குச் செலவாகிறது என்பதும் மாதிரி அளவீடுகளைக் கொண்ட மதிப்பீடாகவே நின்றது.

குளிர்சாதனப் பெட்டி சென்ற வழி

இதே காலத்தில் உலகின் மறுபுறத்தில் குளிர்சாதனப் பெட்டி வேறொரு பாதையில் சென்றது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பின் கலிஃபோர்னியா மாநிலம் 1974 இல் எரிசக்தி ஆணையம் அமைக்கச் சட்டம் இயற்றியது. சில ஆண்டுகளில் குளிர்சாதனப் பெட்டிகளுக்கு மின்நுகர்வு வரம்பு விதித்தது. புதிய மின்நிலையங்கள் கட்டுவதைவிட, வீட்டுக் கருவிகளின் வீண்செலவைக் குறைப்பது மலிவு என்று இயற்பியலாளர் ஆர்தர் ரோசன்ஃபெல்ட் போன்றோர் வாதிட்டனர். மாநிலத்துக்கு மாநிலம் வெவ்வேறு விதி வந்தால் தொழில் நடத்த முடியாது என்று உணர்ந்த உற்பத்தியாளர்கள் நாடு முழுதுக்கும் ஒரே சட்டம் வேண்டினர். 1987 இல் அமெரிக்கத் தேசியச் சட்டம் நிறைவேறியது. அதன்படி 1990, 1993, 2001 ஆண்டுகளில் வரம்பு இறுக்கப்பட்டது. 1970களின் நடுவில் ஆண்டுக்குச் சுமார் 1,800 யூனிட் செலவிட்ட சராசரிப் புதிய பெட்டி, 2001 க்குப் பின் 500 யூனிட் அளவுக்கு இறங்கியது. பெட்டியின் கொள்ளளவு கூடிய காலத்திலேயே இது நிகழ்ந்தது.

இந்தியாவில் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் 2001 இல் இயற்றப்பட்டு 2002 மார்ச் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. அன்றே எரிசக்தித் திறன் பணியகமும் அமைந்தது. பி.இ.இ. என்ற பெயரில் அறியப்படும் இப்பணியகம் 2006 மே மாதம் நட்சத்திரக் குறியீட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்டவை பனி உறையாத ஃபிராஸ்ட் ஃபிரீ வகைக் குளிர்சாதனப் பெட்டியும் குழல் விளக்கும்தான். நான்கு ஆண்டுகள் விருப்பத்தின்பேரில் நடந்த திட்டம், 2010 ஜனவரியில் ஃபிராஸ்ட் ஃபிரீ பெட்டி, அறைக் குளிரூட்டி, குழல் விளக்கு, பகிர்மான மின்மாற்றி ஆகிய நான்குக்கும் கட்டாயமானது. ஒற்றைக் கதவு டைரக்ட் கூல் பெட்டிகள் பின்னர் இணைந்தன. கடைகளில் ஐஸ்கிரீம் வைக்கும் டீப் ஃபிரீசர்களுக்கு 2020 மார்ச்சில் விருப்பக் குறியீடு வந்தது. கூரை மின்விசிறிக்கு 2023 ஜனவரி முதல் குறியீடு கட்டாயமானது.

பெட்டிகளை ஒப்பிடும் கணக்கு எளிமையானது. உறைபெட்டிப் பகுதியைக் குளிராக வைக்கக் கூடுதல் மின்சாரம் தேவை; ஆகவே இரு பகுதிகளின் கொள்ளளவையும் வெறுமனே கூட்டுவதில்லை. வெளியே 32 டிகிரி, உணவுப் பகுதியில் 3 டிகிரி, ஃபிராஸ்ட் ஃபிரீ உறைபெட்டியில் சுழியத்துக்குக் கீழ் 15 டிகிரி என்று கொண்டால், வெப்பநிலை வேறுபாடுகள் முறையே 29, 47. இரண்டின் விகிதம் 1.62. உறைபெட்டியின் ஒவ்வொரு லிட்டரும் 1.62 லிட்டராகக் கணக்கிடப்படுகிறது. டைரக்ட் கூல் பெட்டியில் இந்த எண் 1.31. இப்படிச் சரிசெய்த கொள்ளளவுக்கு ஏற்ற ஆண்டு மின்நுகர்வு வரம்பை வைத்து நட்சத்திரம் தரப்படுகிறது; ஒரு நட்சத்திரம் கூட, நுகர்வு ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். அட்டவணை சில ஆண்டுகளுக்கு ஒருமுறை இறுக்கப்படும். நேற்றைய ஐந்து நட்சத்திரப் பெட்டி இன்றைய அட்டவணையில் நான்காகவோ மூன்றாகவோ இறங்கும்.

இது மக்களிடம் எடுபட்டதற்கு முக்கியக் காரணம் வீட்டு மின்கட்டண அட்டை. குறியீட்டில் ஆண்டுக்கு 200 யூனிட் என்றிருந்தால், இரு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் தமிழ்நாட்டு வீட்டில் அது 33 யூனிட். 2016 முதல் வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், அதற்கு மேல் பயன்பாடு கூடக் கூட யூனிட் விலையும் படிப்படியாக ஏறுகிறது. பெட்டியை வாங்குபவரும் மின்கட்டணம் கட்டுபவரும் ஒருவரே. பெட்டியைச் செய்பவர்களும் நாட்டில் ஒரு கைவிரலில் எண்ணத்தக்க பெரிய நிறுவனங்கள்.

பம்புக்கு வந்த நட்சத்திரம்

குளிர்சாதனப் பெட்டிக்கு அடுத்த சில ஆண்டுகளில் மும்முனை மின்சாரத்தில் ஓடும் வேளாண் பம்புசெட்டுகளுக்கும் நட்சத்திரக் குறியீடு வகுக்கப்பட்டது. இதற்குப் புதிய அளவுகோல் தேடவேண்டியிருக்கவில்லை. ஐ.எஸ். தரநிலை கேட்கும் குறைந்தபட்சத் திறனே அடிப்படையானது. அந்தத் திறனை எட்டும் பம்புசெட்டுக்கு ஒரு நட்சத்திரம். அதைவிட 5 விழுக்காடு மிகுந்தால் இரண்டு. 10 விழுக்காட்டுக்கு மூன்று. 15 விழுக்காட்டுக்கு நான்கு. 20 விழுக்காடும் அதற்கு மேலும் என்றால் ஐந்து.

கோயம்புத்தூருக்கு இது அந்நியமான செய்தி அன்று. 1952 இல் தொடங்கிய தென்னிந்தியப் பொறியியல் உற்பத்தியாளர் சங்கமான சீமா, பம்பு, மோட்டார்களைச் சோதிக்கும் சிட்டார்க் என்ற ஆய்வு மையத்தை நகரில் உருவாக்கியிருந்தது. தனியாகச் சோதனைக்கூடம் வைக்க இயலாத சிறு உற்பத்தியாளரும் தம் பம்பை அங்கே கொண்டுசென்று நீரளவு, உயரம், மின்நுகர்வு ஆகியவற்றை அளந்துபெற முடிந்தது. பெரிய நிறுவனங்கள் நட்சத்திரப் பம்புகளை விரைவாகச் சந்தைக்குக் கொண்டுவந்தன.

சிறு பட்டறைகளுக்கு நிலைமை கடினமாக இருந்தது. திறன் கூட வேண்டுமானால் மோட்டாரில் கூடுதல் செம்பும் இழப்புக் குறைந்த ஸ்டாம்பிங் தகடும் வேண்டும். இம்பெல்லர் வார்ப்பு வழுவழுப்பாக இருக்க வேண்டும். எல்லாம் செலவு. ஒவ்வொரு மாதிரிக்கும் சோதனைக் கட்டணம், பதிவுக் கட்டணம். அதேவேளை ராஜ்கோட், அகமதாபாத் பகுதிகளிலிருந்து விலை குறைந்த பம்புகள் சந்தையில் போட்டியிட்டன. 2022 ஜூலையில் மின்பம்புகளுக்கான சரக்கு சேவை வரி 12 இலிருந்து 18 விழுக்காடாக உயர்ந்தது. விலையைப் பார்த்தே பம்பு வாங்கும் சந்தையில், கூடுதல் செம்பு போட்டவர் நட்டப்படும் நிலை இருந்தது.

ஊர்ப்புற மின்னழுத்தமும் ஒரு தடை. நெடுந்தூரக் கம்பியின் கடைக்கோடியில் மின்னழுத்தம் தாழும்போது மோட்டார் கூடுதல் மின்னோட்டம் இழுத்துச் சூடாகிக் காயில் எரிகிறது. எனவே உழவர் கேட்பது தாழ்ந்த மின்னழுத்தத்திலும் எரியாத மோட்டாரை. உற்பத்தியாளர் அதற்கேற்ப வடிவமைத்தால், சோதனைக்கூடத்தின் சீரான மின்னழுத்தத்தில் அளக்கும் திறன் சில வேளைகளில் குறைகிறது. எரிந்த மோட்டாருக்கு ஊர்க்கடையில் மீண்டும் காயில் கட்டும்போது திறன் மேலும் இறங்கலாம். நட்சத்திரம் தொழிற்சாலை வாசலில் உள்ள நிலையைச் சொல்கிறது; பத்தாண்டுகளுக்குப் பின் கிணற்றில் உள்ள நிலையைச் சொல்வதில்லை.

ஏன் கட்டாயமாகவில்லை

2020களின் தொடக்கத்திலும் பம்புசெட் குறியீடு பி.இ.இ.யின் விருப்பப் பட்டியலிலேயே இருந்தது. தொழில்நுட்பத்தில் பம்பு பின்தங்கியதால் வந்த நிலையாக இதைக் கொள்ள முடியாது. பம்பை அளக்கும் முறை நட்சத்திரக் குறியீட்டுக்கு முன்பே இந்தியாவில் வகுக்கப்பட்டிருந்தது. சோதனை மையமும் உற்பத்தி நகரிலேயே இருந்தது. இல்லாதது பயனடைவோரும் செலவிடுவோரும் ஒருவராக இருக்கும் பொருளாதாரம். நல்ல பம்புக்குக் கூடுதல் விலை கொடுப்பவர் உழவர். அதனால் மிச்சமாகும் மின்சாரத்தின் பயன் மின்வாரியத்துக்கும் மானியம் தரும் அரசுக்கும் போகிறது. குறியீட்டைக் கட்டாயமாக்கினால் விலையுயர்வு உழவர் மேலும் சிறு பட்டறை மேலும் விழும். இருவரும் கொங்கு நாட்டில் வாக்கு வலிமை உடையவர்கள். இருவருக்கும் உண்மையான இடர்ப்பாடுகளும் உண்டு.

ஆகவே அரசுகள் வேறு வழிகளை நாடின. மகாராஷ்டிரத்தின் சோலாப்பூர் மாவட்டம் மங்கள்வேடாவில் பி.இ.இ. தன் முதல் வேளாண் மின்சிக்கன முன்னோடித் திட்டத்தை நடத்தியது. 2,209 பழைய பம்புகளுக்குப் பதிலாகத் திறன்மிக்கவை உழவரிடம் விலை பெறாமல் பொருத்தப்பட்டன. பழைய பம்புகளின் திறன் 25 முதல் 30 விழுக்காடு அளவிலேயே இருப்பதும் இத்தகைய திட்டங்களுக்கான அளவீடுகளில் தெரியவந்தது. அரியானா, பஞ்சாப், குஜராத் உள்ளிட்ட சில மாநிலங்கள் புதிய வேளாண் இணைப்புக்கு நட்சத்திரப் பம்பைக் கட்டாயமாக்கின. தமிழ்நாட்டில் பழைய மோட்டாரை மாற்ற மானியம் தரும் திட்டங்கள் 2010க்குப் பின் பலமுறை அறிவிக்கப்பட்டன. 2021 ஆகஸ்டில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட மாநிலத்தின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையிலும் புதிய மின்மோட்டார் வாங்க 10,000 ரூபாய் மானியம் இடம்பெற்றது. இவற்றின் அடிப்படை ஒன்றே: மிச்சத்தின் பயனைப் பெறும் அரசு, செலவிலும் பங்கேற்க வேண்டும்.

நிலத்தடி நீர் என்ற மற்றொரு கணக்கு

மின்சாரம் மிச்சமானாலும் நீர் மிச்சமாகும் என்று சொல்ல முடியாது. வேளாண்மைக்கான மும்முனை மின்சாரம் நெடுங்காலம் முறைவைத்து, நாளுக்குச் சில மணி நேரமே வழங்கப்பட்டது. மின்சாரம் வந்ததும் தானே ஓடத்தொடங்கும்படி ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்துவது வழக்கமானது. இந்நிலையில் அதே குதிரைத்திறனுக்குக் கூடுதல் நீர் தரும் பம்பு வந்தால், அதே நேரத்தில் கிணறு இன்னும் விரைவாக வற்றலாம். கோயம்புத்தூர் மாவட்டத்தின் பல குறுவட்டங்கள் நிலத்தடி நீர் அளவுக்கு மீறி எடுக்கப்பட்டவையாக வகைப்படுத்தப்பட்டுள்ளன. இங்கே தரநிலையின் முழுப்பயன் கிடைக்க வேண்டுமானால், திறன் கூடும்போது குதிரைத்திறன் குறைய வேண்டும்: ஏழரைக் குதிரைத்திறன் செய்த வேலையை ஐந்து செய்தால்தான் மின்சாரம் மிச்சம், நீரும் பழைய அளவில் நிற்கும். சிறு, குறு விவசாயிகளுக்கு முழு மானியத்தில் வழங்கப்படும் சொட்டுநீர்ப் பாசனம் இதன் மறுபாதி.

மத்திய அரசு 2019 இல் தொடங்கிய பி.எம். குசும் சூரியசக்திப் பம்புத் திட்டம் இக்கேள்வியைப் புதிய வடிவில் எழுப்பியுள்ளது. சூரியத் தகட்டின் விலை பெரிது. பம்பின் திறன் கூடினால் தகட்டின் எண்ணிக்கை குறையும். ஆகவே திறனுக்கு அங்கே நேரடியான விலைமதிப்பு உண்டு. பகல் முழுதும் செலவின்றி ஓடும் பம்பு நிலத்தடி நீரை என்ன செய்யும் என்ற கவலை மட்டும் அப்படியே தொடர்கிறது.

மதிப்பீடு

குளிர்சாதனப் பெட்டித் தரநிலையின் வெற்றியை வைத்து, அளவுகோலும் சட்டமும் இருந்தால் போதும் என்று முடிவுசெய்வது எளிது. கோயம்புத்தூர் பம்புசெட்டின் வரலாறு அதற்கு ஒரு திருத்தம் சேர்க்கிறது. தரநிலை வேரூன்ற, கருவியை வாங்குபவரின் கையில் ஒரு மின்கணக்கு இருக்க வேண்டும். இல்லையேல் அந்தக் கணக்கைச் சுமப்பவர் கருவியின் விலையிலும் பங்கேற்க வேண்டும். பெருமாநல்லூரின் நினைவு இருக்கும்வரை கொங்கு நாட்டில் பம்புக்கு மீட்டர் என்ற சொல், கட்டணம் என்றே காதில் விழும். கட்டணம் இல்லாமலே அளக்கவும், மிச்சமானதில் உழவருக்குப் பங்கு தரவும் வழி காண்பதே மீதமிருக்கும் பணி. அந்தப் பணிக்கு வேண்டிய பம்பைச் செய்யும் கைகளும், அதைச் சோதிக்கும் கூடமும், அதை நம்பி நிற்கும் கிணறுகளும் ஒரே மாவட்டத்தில் இருக்கின்றன.